ஓய்வுநாளில் கயிறு இழுத்தவன்

நான் செய்த வேலைகளில் உட்கார்ந்து செய்த ஒரே வேலை சிங்கப்பூரில் பங்கா இழுத்ததுதான். அதற்கு முன் ஜொகூரில் காடு வெட்டினேன். ஒரு கப்பலின் அடிவயிற்றில் அடுப்புக்குக் கரி தள்ளினேன். பினாங்கில் ஒரு மர ஆலையில் இடது கைச் சுண்டுவிரலின் நுனியை விட்டுவிட்டு வந்தேன். ஓர் ஊரில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனதில் எழுத்துக் கூட்டி வாசிக்கவும், வேதத்தின் பத்துக் கட்டளைகளை, எங்கள் பேச்சில் பத்துக் கற்பனைகளை, நிற்காமல் ஒப்பிக்கவும் வந்தது. மற்றதெல்லாம் போன இடங்களில் பொறுக்கிக்கொண்டது.

நகரத்தில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிது அது. வீதியில் மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் துரைமாரின் தலைக்கு மேல் இன்னும் எங்கள் கைதான் காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது. பங்கா என்றால், கூரையிலிருந்து நீளமான மரச்சட்டம் தொங்கும். அதன் அடியில் சுருக்கு வைத்துத் தைத்த துணி இருக்கும். சட்டத்தில் கட்டிய கயிறு ஒரு கப்பியில் ஏறி, சுவரில் போட்ட துளை வழியாக வெளியே வந்துவிடும். அந்தத் துளைக்கு இந்தப் பக்கம், தாழ்வாரத்தில், நாங்கள் உட்கார்ந்திருப்போம். உள்ளே இருப்பவர்கள் எங்களைப் பார்க்க வேண்டியதில்லை. காற்று நின்றால்தான் நாங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது சும்மா இருக்கிற வேலை. ஒரு நாள் இழுத்துப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். முதல் இழுப்புக்குத்தான் பலம் வேண்டும். பிறகு சட்டம் தன் பாட்டுக்கு ஆடும், அதன் தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தாளம் பிசகினால் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளே இருந்து செருப்புக் காலால் சுவரை உதைப்பார்கள். தோள்பட்டையில் ஆரம்பித்து முதுகெலும்பில் இறங்கும் அந்த வலி, கரி தள்ளிய வலியைப் போல ஒரு தூக்கத்தில் தீராது.

எனக்கு வேலை கொடுத்தவர் ஒரு மேஸ்திரி. சோழமண்டலக் கரையோரத்து முஸ்லிம். ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். ஆற்றோரத்துக் கம்பெனி ஆபீசுகளுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர்களின் பெரிய கிறிஸ்தவக் கோயிலுக்கும் பங்கா ஆட்களை அனுப்பும் குத்தகை அவரிடம் இருந்தது. வாரம் முழுவதும் நான் ஓர் ஆபீசின் பின்தாழ்வாரத்தில் இழுத்தேன். ஞாயிறு காலை கோயில் தாழ்வாரத்தில் இழுத்தேன். தங்குவது சிராங்கூன் சாலைப் பக்கம், சுண்ணாம்புக் கம்பம் என்ற குடியிருப்பில், மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே சாணி நாற்றத்துக்கு நடுவே பால்காரர்களும் வண்டிக்காரர்களுமாக அடைந்து கிடந்தோம்.

கோயிலில் நான் இழுத்த முதல் ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே ஆராதனை இங்கிலீஷில் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று எல்லாரும் சேர்ந்து முணுமுணுக்கும் சத்தம் துளை வழியாக வந்தது. எந்தப் பாஷையில் சொன்னாலும் கர்த்தருடைய ஜெபத்தின் ஏற்ற இறக்கம் எனக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் அந்த ஜெபத்தின்போது கையைக் கட்டாதவனுக்கு வாத்தியார் பிரம்பால் கொடுப்பார். நான் யோசிக்கவே இல்லை. கயிற்றை விட்டேன். முழங்கால் போட்டேன். கையைக் கூப்பிக் கண்ணை மூடினேன்.

"இந்தாங்க! கயிறு! கயிறு!"

கண்ணைத் திறந்தபோது வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண், தோளில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் என் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு துரை வீட்டு ஆயா. துரையும் துரைசாணியும் உள்ளே இருக்க, அழுகிற குழந்தையை வெளியே வைத்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. நான் எழுந்து கயிற்றை வாங்கப் போனேன்.

"முடிச்சிட்டு எழுந்திரிங்க. பாதியில எழுந்திரிச்சா ரெண்டும் கெட்டுப்போகும்" என்றாள்.

ஆமென் வரை அவள்தான் இழுத்தாள். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க வேதக்காரரா?"

"ஆமா."

"நானுந்தான். கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபம் பண்ணப் பழகிக்குங்க. இந்த வீட்டுக்கு வந்த நாளா நான் அப்படித்தான் பண்றேன். கண்ணை மூடினா பிள்ளை படியில உருண்டுடும்."

அவள் பிடித்துக்கொள்ளும் முன்பே முன்வரிசைப் பங்கா ஒரு தடவை நின்றுவிட்டது. மறுநாள் மேஸ்திரிக்குப் புகார் வந்தது. அவர் திட்டவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இத்தனை வருஷமா அங்க இழுத்தவனுக்கு ஒருத்தனுக்கும் உங்க ஜெபம் தெரியாது. ஒருத்தனும் நிறுத்தல. தெரிஞ்சவனா ஒருத்தன் இருக்கட்டும்னு உன்னைப் போட்டேன் பாரு, நீ நிறுத்திட்டே!"

கூட இருந்த ஆட்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவளோடு பேசினேன். நான் இழுத்துக்கொண்டு, அவள் குழந்தையை ஆட்டிக்கொண்டு. பேச்சு நிற்கும், தாளம் நிற்காது. அவள் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்தாள். துறைமுகத்தில் பியூனாக இருந்த புருஷன் காய்ச்சலில் போனபின் இந்த ஊருக்கு ஆயா வேலைக்கு வந்தாள். அதைச் சொல்லும்போது அழவில்லை, பெருமூச்சும் விடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. கோயிலுக்கு உள்ளே போகாமல், கோயிலை விட்டும் போகாமல், சுவரோரத்தில் உட்கார்ந்திருந்த கிறிஸ்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

ஞாயிறு பிற்பகலில் குழந்தைகள் தூங்கும் நேரம் அவளுக்குச் சொந்தம். அப்போது எங்கள் பக்கத்தில் இருந்த தமிழ்ச் சபைக்கு வருவாள். பலகைச் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள சின்னக் கோயில். நானும் போவேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அங்கே பங்கா கிடையாது. வேர்த்து ஒழுகும். ஆனால் உள்ளே உட்கார்ந்து வேர்ப்போம்.

ஒரு ஞாயிறு காலை அவள் சொன்னாள்: "துரைக்கு ஷாங்காய்க்கு மாத்தல். வருஷக் கடைசிக்குள்ள கப்பல் ஏறணும். என்னையும் வரச் சொல்றாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. கல்யாணம் கட்டிக்கிட்டா மட்டும் இங்க விட்டுட்டுப் போறேன்னு துரைசாணி சொல்லுது. இல்லன்னா கூட வரணுமாம். வேற வீட்டுக்கு என்னை விட்டுக்குடுக்க மனசில்லையாம்."

கயிறு இரண்டு மூன்று முறை போய் வந்தது.

"அப்ப கட்டிக்குவோம்" என்றேன்.

"கேட்கிற அழகைப் பாரு" என்றாள். "சம்மதம். ஆனா கோயில்ல. ஓலை வாசிச்சு."

ஓலை வாசிப்பது என்றால் இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்யப்போகிறார்கள், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு தொடர்ந்து சபைக்கு முன் அறிவிப்பது. மூன்று ஞாயிறும் யாரும் வாய் திறக்காவிட்டால் நாலாம் வாரம் கல்யாணம். வருஷக் கடைசிக்கு அதைப் போல எத்தனையோ மடங்கு ஞாயிறு பாக்கி இருந்தது. எனக்குக் கவலையே இல்லை.

சபையை நடத்தியவர் உபதேசியார். இளைப்பு நோய்க்காரர். பிரசங்கத்தில் பாதி அவருடைய மூச்சு வாங்கலாக இருக்கும். பாதிரியார் மாதத்தில் ஒரு தடவை வருவார், மற்ற நாளெல்லாம் சபைக்கு இவர்தான் எல்லாம். இவருக்குத் துணையாக ஒரு மூப்பர். சர்க்கார் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, சத்தமிடும் சப்பாத்து போட்டவர். ஓலைக்குச் சொல்ல நான் போனபோது இருவரும் கோயில் பின்னறையில் இருந்தார்கள்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றார் உபதேசியார். "ஆனா நீங்க ஞாயித்துக்கிழமை வேலை செய்றதா மூப்பர் சொல்றாரு."

"கோயில்லதாங்கய்யா வேலை."

"கோயிலுக்கு உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார் மூப்பர்.

"நான் வெளிய. காத்து உள்ள."

"அப்ப நீ வெளியதான்."

அந்தச் சபையில் ஒரு சட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூலி வேலை செய்கிறவனுக்குத் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து கிடையாது, ஓலையும் கிடையாது. அந்தச் சட்டம் வந்த கதை எனக்குத் தெரியும். என் அறையிலிருந்த வண்டிக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் வண்டிக் குத்தகைக்காரர்கள் ஏழு நாளும் வண்டி கட்டச் சொல்லி ஆளையும் மாட்டையும் சேர்த்துக் கொன்றுகொண்டிருந்தார்கள். இந்த உபதேசியார்தான் கொட்டகை கொட்டகையாக நடந்து, ஞாயிறு வண்டி கட்டினால் சபையில் இடமில்லை என்று சொன்னார். எங்கள் மார்க்கம் விடவில்லை என்று வண்டிக்காரர்கள் குத்தகைக்காரர்களிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. குத்தகைக்காரர்களும் வேறு வழியில்லாமல் விட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு நாள் கிடைத்தது, மாட்டுக்கும் கிடைத்தது. அது நல்ல சட்டம். மழைக்குப் போட்ட கூரை அது. ஆனால் நான் நின்ற இடத்தில் அந்தக் கூரையின் தண்ணீரெல்லாம் என் தலையில் விழுந்தது.

"அந்தப் பொண்ணும் ஞாயித்துக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்குது" என்றேன். "அதுக்குத் திருவிருந்து குடுக்கிறீங்களே."

"குழந்தையைப் பார்க்கிறது இரக்கத்தின் வேலை" என்றார் மூப்பர். "ஆஸ்பத்திரி ஆளுக்கும் அப்படித்தான். அது இல்லாம ஒரு உயிர் கஷ்டப்படும். காத்து வீசறது சொகுசு வேலை. காத்து இல்லாம யாராவது செத்தாங்களா?"

"போன மாசம் ஒரு துரைசாணி மயங்கி விழுந்திச்சு."

உபதேசியார் சிரித்துவிட்டார். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்தது. மூப்பர் சிரிக்கவில்லை.

"வேடிக்கை இல்ல. நாலாம் கற்பனை தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரிந்த பத்தில் அதுவும் ஒன்று, ஓய்வுநாளைப் பற்றியது. அதில் வீட்டுக்காரனை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை என்பதும் தெரியும். அவனுடைய வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வாசலில் இருக்கிற வேற்றாள் வரைக்கும் பேர் சொல்லி ஓய்வு கொடுத்திருக்கிறது. வாசலில் இருக்கிற அந்த வேற்றாள் நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. மூப்பர் வீட்டில் ஞாயிறு மதியம் கோழிக்குழம்பு தானாக வெந்து இறங்குகிறதா என்று கேட்கவும் வாய் வந்தது. இரண்டையும் சொல்லவில்லை. ஓலை அவர்கள் கையில் இருந்தது.

"நான் அந்த ஞாயிறு வேலையை விட்டுட்டா?" என்று கேட்டேன்.

"விட்டுட்டு வாங்க தம்பி. அடுத்த ஞாயிறே வாசிக்கிறேன்" என்றார் உபதேசியார். மனசாரத்தான் சொன்னார்.

மேஸ்திரியிடம் போனேன். ஞாயிறு மட்டும் எனக்கு வேண்டாம், அதற்குப் பதில் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகிற ஆட்களின் கயிற்றையும் சேர்த்து நான் இழுக்கிறேன் என்றேன். நியாயமான பேச்சு என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

"நீ கேக்கிறது தப்பில்ல. ஆனா ஆபீசுல வெள்ளிக்கிழமை ஒரு நாழி ஆள் குறைஞ்சா சமாளிப்பேன். அந்தக் கோயில்ல ஞாயித்துக்கிழமை எல்லாப் பங்காவும் ஓடணும், எல்லா ஆளும் வேணும். அதுல ஒரு ஆள் குறைஞ்சா குத்தகையையே எடுத்துடுவாங்க. ஏற்கெனவே மின்சாரக் காத்தாடி வருது, வருதுன்னு பயமுறுத்திக்கிட்டிருக்காங்க."

"எங்க வேதத்துல ஞாயித்துக்கிழமை வேலை செய்யக் கூடாதுங்க."

"இங்க பாரு அப்பா. கோயில் உங்களது. ஓய்வுநாளும் உங்களது. வேர்க்கிறதும் உங்க ஆளுங்களுக்குத்தான். பங்கா வேண்டாம்னு அவங்க சொல்லட்டும், நான் என் ஆளுங்களை வீட்ல உக்கார வைக்கிறேன். நடுவுல என்னை ஏன் இழுக்கிறே?"

ஞாயிறு வர மாட்டேன் என்றேன். ஞாயிறு வராதவனுக்கு வாரமும் கிடையாது என்றார். கணக்கைத் தீர்த்துக் கொடுத்துவிட்டார். போகும்போது தோளைத் தட்டினார்.

அதற்கடுத்து வந்த ஞாயிற்றைப் பற்றி மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் ஓய்வுநாள் அது. காலையில் சட்டையைத் துவைத்து, காயும் வரை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். தோள் தன் பாட்டுக்குத் தொங்கிக் கிடந்தது. பிற்பகலில் கோயிலுக்குள் உட்கார்ந்து, கண்ணை முழுசாக மூடி ஜெபம் செய்தேன். கடவுள் ஏன் அப்படி ஒரு நாளை ஏற்படுத்தினார் என்பது பிரசங்கம் இல்லாமலே புரிந்தது. ஆறு நாள் பட்ட பாட்டை உடம்பு கீழே இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும், அந்த இடம் அது. பெண்கள் பக்கத்திலிருந்து அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் அன்று ஓலை வாசிக்கவில்லை. பாதிரியாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவர் மலாக்காவுக்குப் போயிருக்கிறார் என்றார் உபதேசியார். "வந்ததும் வாசிச்சிடலாம், பொறுங்க."

பொறுப்பதற்கு நான் சாப்பிட வேண்டும். வேறு பங்கா வேலை தேடினேன். புது ஆளை யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் மின்சாரத்துக்காகக் காத்திருந்தார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலுக்குக் கரி ஏற்றும் கூலிகளோடு நின்றேன். அங்கே கூலிக்கு ஆள் பொறுக்கும் தண்டல்தான் ராஜா. விடிந்ததும் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, நீ வா, நீ வா என்று விரலை நீட்டுவார். என் தோளைப் பார்த்து முதல் நாளே நீட்டினார். அந்த வாரம் முழுவதும் நீட்டினார். சனிக்கிழமை மாலை, "நாளைக்குப் பெரிய கப்பல் வருது, வெள்ளெனவே வந்துடு" என்றார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. வர முடியாது."

"கப்பலுக்கு ஞாயிறு தெரியாதுடா."

"எனக்குத் தெரியுங்க."

சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். "பாதிரியாரே, கூடையைக் குடுத்துட்டுப் போங்க" என்றான் ஒருவன். திங்கட்கிழமை தண்டலின் விரல் என்னைத் தாண்டிப் போனது. செவ்வாய்க்கிழமையும் தாண்டிப் போனது. அவசரத்துக்கு வராதவன் சாதாரண நாளுக்கும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. பிறகு எப்போதாவது, ஆள் பற்றாத நாளில் மட்டும் கூப்பிட்டார்.

வேலை கிடைக்காத நாள் ஓய்வுநாள் ஆகாது. அதை அந்த வாரங்களில் தெரிந்துகொண்டேன். ஞாயிறு உட்கார்ந்தால் உடம்பு ஆறுகிறது. செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தால் அரிக்கிறது. வெயில் ஏறியபின் துறைமுக வாசலில் நிற்பதில் பிரயோஜனமில்லை என்று சிராங்கூன் சாலையோரத்துத் தேக்காப் பக்கம் திரும்பி வந்து, கால்வாய்க் கரையில் மரநிழலில் உட்கார்ந்திருப்பேன். அறைக்குப் போனால் பசி அதிகமாகும். ஒரு நாள் நண்பகலில் மூப்பர் ரிக்ஷாவில் அந்த வழியாகப் போனார். என்னைப் பார்த்தார். நான் எழுந்து கும்பிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே இடத்தில் பார்த்தார். அப்போதும் கும்பிட்டேன்.

பாதிரியார் மலாக்காவிலிருந்து வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு பின்னறைக்குப் போனேன். அவள் அன்று என்னோடு வந்து, வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். பெண்களை அந்த அறைக்குள் கூப்பிடுவதில்லை. பலகைச் சுவர்தான், பேசுவதெல்லாம் அவள் காதில் விழும்.

"பங்கா வேலையை விட்டுட்டீங்க, சந்தோஷம்" என்று ஆரம்பித்தார் உபதேசியார். பிறகு மூச்சு வாங்குவது போலச் சும்மா இருந்தார். நோய்க்காரருக்கு அது ஒரு வசதி.

மூப்பர்தான் சொன்னார். "வேற என்ன வேலைக்குப் போறே?"

"கப்பல்ல கரி ஏத்தப் போறேங்க."

"தினமுமா?"

"கூப்பிட்டா."

"நான் பார்க்கிற நாளெல்லாம் கால்வாய்க் கரையில உக்காந்திருக்கே. நாலாம் கற்பனை ஏழாம் நாளை மட்டும் சொல்லல. ஆறு நாள் உழைக்கணும்னு முதல்ல சொல்லிட்டுத்தான் ஏழாம் நாளுக்கு வருது. ஆறு நாள் உழைக்காதவனுக்கு ஏழாம் நாள்ல என்ன பங்கு? சோம்பேறிக்கு ஒரு விதவையைக் கட்டிக் குடுத்துட்டு, நாளைக்கு அது கஷ்டப்பட்டா சபைதானே பதில் சொல்லணும்?"

நான் அவரை அடித்திருக்கலாம். அடிக்கிற கைதான் அது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. அந்த வசனம் அப்படித்தான் இருக்கிறது. அவர் கண்ணால் பார்த்ததும் அப்படித்தான் இருந்தது.

"ஏழாம் நாள் உக்காரலன்னு ஒரு தடவை துரத்தினீங்க. உங்க பேச்சைக் கேட்டு உக்காந்தேன். அதனாலதான் ஆறு நாளும் உக்காந்திருக்கேன்" என்றேன்.

உபதேசியார் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கர்த்தர் வழி திறப்பாரு தம்பி. ஒரு மூணு மாசம் நிலையா ஒரு இடத்துல வேலையில நில்லுங்க. நானே பாதிரியார்கிட்ட பேசறேன்."

"கப்பல் அடுத்த மாசங்கய்யா."

மூப்பரின் சப்பாத்து தரையில் ஒரு தடவை கிறீச்சிட்டது.

வெளியே வந்தபோது அவள் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். மாட்டுக் கொட்டகைகள் வரைக்கும் கூடவே நடந்தேன்.

"சர்க்கார் கச்சேரியில கல்யாணத்தைப் பதிஞ்சுக்கலாம்" என்றேன். "அங்க ஞாயிறும் கேக்க மாட்டான், திங்களும் கேக்க மாட்டான். நாளைக்கே போவோம்."

"பதிஞ்சுக்கலாம். அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் எங்க போவேன்?"

"எங்கயும் போக வேண்டாம். வீட்ல இரு."

அவள் நின்றுவிட்டாள். "உங்களுக்கு அது ஒரு கட்டடம். அந்த வீட்ல நான் ஆயா. கடைத்தெருவுல ஆயா. கப்பல்ல ஏறினாலும் ஆயா. என் பேரைச் சொல்லிக் கூப்பிடற இடம் இந்த ஒரு பலகைக் கோயில்தான். அங்க என் பேரை மூணு தடவை வாசிக்கணும், எல்லார் காதுலயும் விழணும். திருட்டுத்தனமா கட்டிக்கிட்டவள்னு பின்பெஞ்சில உக்கார மாட்டேன்."

"அவங்கதான் வாசிக்க மாட்டேங்கிறாங்களே!"

"அதுக்கு நான் என்ன செய்ய? அவங்க செஞ்சது சரின்னு நான் சொல்லல. ஆனா எனக்கு வேற கோயில் இல்ல." பிறகு குரலைத் தணித்து, "நீங்க ஊர் மாத்திக்கிட்டே திரியற ஆளு. சபை போனா இன்னொரு ஊரு. எனக்கு அப்படி இல்ல" என்றாள்.

"இப்ப ஊரை விட்டுப் போறது யாரு?"

"நான்தான்" என்றாள். "நான்தான் போறேன்."

அதற்குப் பிறகும் சில ஞாயிறு கோயிலில் பார்த்துக்கொண்டோம். கும்பிட்டுக்கொள்வோம். வேலை இருக்கிறதா என்று கேட்பாள், நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன். அந்த நாட்களில் நான் செங்கல் சூளைக்கு நடந்தேன், அன்னாசியைத் தகர டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு நடந்தேன், நகரசபை ரோடு வேலைக்கு நடந்தேன். எங்கும் ஆள் நிரம்பியிருந்தது. கங்காணிமார் தங்கள் ஊர் ஆளைத்தான் எடுத்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் கங்காணியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அவள் ஏறிய ஷாங்காய்க் கப்பல் ஞாயிற்றுக்கிழமை போனது. தண்டலுக்கு அன்று ஆள் போதவில்லை. விடிவதற்குள் கொட்டகை கொட்டகையாகத் தேடி வந்தார். எந்தக் கப்பல் என்று கேட்டேன், சொன்னார். எழுந்து போனேன்.

கரி ஏற்றுகிறவர்கள் ஒரு மூங்கில் கழியின் நடுவில் கூடையைத் தொங்கவிட்டு, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவனாகப் பலகையில் ஓடி ஏறுவோம். கொட்டிவிட்டு வேறு பலகையில் ஓடி இறங்குவோம். நடக்க நேரமில்லை, நடந்தால் பின்னால் வருகிறவன் இடித்துத் தள்ளுவான். தூசி உள்ளே வராமலிருக்கக் கப்பலின் சன்னல்களையெல்லாம் அடைத்து, தளத்தில் கித்தான் கட்டியிருந்தார்கள். பயணிகள் ஒருவரும் கண்ணில் படவில்லை. அந்தக் கித்தானுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. எந்தக் குழந்தையோ. முன்னால் போனவன் இழுத்த வேகத்துக்கு என் காலும் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து கடல்நீரில் முகத்தைக் கழுவும்போது தண்டல் வந்தார். "இன்னைக்குத்தான்டா நீ ஆளா இருக்கே. நாளைக்கும் வா." திங்கட்கிழமை விரல் முதலில் என் பக்கம்தான் நீண்டது. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் வேலை கிடைத்தது.

சில வாரம் கழித்து, வேலை முடிந்து கரி படிந்த உடம்போடு சிராங்கூன் சாலையில் நடந்து வரும்போது மூப்பர் எதிரே வந்தார். என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது.

"இப்பத் தினமும் வேலைக்குப் போறியாமே? நல்லது, ரொம்ப நல்லது. உபதேசியாரும் உன்னை விசாரிச்சாரு. வந்து சொல்லு, இந்த மாசமே ஓலை வாசிச்சிடலாம்."

"யாருக்குங்க?"

"யாருக்கா? உனக்கும் அந்த ஆயாவுக்கும்தான்."

"அது ஷாங்காய்ல இருக்குங்க."

"அப்படியா? போயிடுச்சா?" என்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை உன்னைக் கோயில்ல காணோமே" என்றார்.

"ஞாயித்துக்கிழமை கப்பல் வருதுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். நான் அறைக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தேன். மாதக் கடைசியில் தண்டலிடம் சொல்லிக்கொள்ளாமல் ரங்கூன் போகிற கப்பலில் கரி தள்ள ஏறிவிட்டேன்.